அண்டம் இவ்வளவு பெரிசு, அம்மா பேர் அவனுக்குத் தெரியுமா?

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்கு இருதயக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலை ஐந்து மணி பஸ். போனதும் துண்டு கொடுத்தார்கள், 63. பதினொன்றரை மணிக்கு "அறுபத்து மூணு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அந்த நேரம் பார்த்து போட்டோக் கொப்பி எடுக்க வெளியே போய்விட்டேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதைவிட, தன் பேரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு 64க்குப் போய்விட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனால் அடுத்த பிரச்சினை. கிளினிக் கொப்பியில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் குறைவு, சேமலாப நிதிக் கார்டில் ஆளே வேறு மாதிரி. மலையகத்துக்காரர்களுக்கு இந்த வியாதியை விளக்க வேண்டியதில்லை. "இதுல யாரு நீங்க?" என்று ஒரு மிஸ் கேட்டார். கோபமாகக் கூட இல்லை, சும்மாதான் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை. தைப்பூசம் கழிந்து ஒரு வாரம், நிலா இன்னும் எழும்பவில்லை. மூடுபனியும் இல்லை. அம்மா இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பார்த்தால் சிவனொளிபாதமலை நேரே தெரியும். யாத்திரை சீசன் காலம், படிக்கட்டு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "அந்தா பாரு, லைட்டு முடியிற எடத்துல இருந்து வெள்ளி ஆரம்பிக்குது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "இம்புட்டையும் படைச்சவனுக்கு எம் பேரு தெரிஞ்சிருக்குமாடா?"

தெரியும்மா என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்றுதான் சொல்வோம். கேட்ட கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அம்மா 44 வருடம் மலையில் நின்றவர். அவர் சொன்னது இது: "நாப்பத்தி நாலு வருசமா பேரு போட்டாங்க. ஒரு நாளாவது பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களா? நம்பரத்தானே."

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது என் கேள்வி இல்லை. இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு பெரிசை வைத்திருப்பவர் ஒவ்வொருத்தராகப் பார்க்க முடியுமா? பார்ப்பாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

பண்டாரவளை சேர் எழுதியது:

தம்பி, சாமி விஷயத்தில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். அம்மா என்ன பார்த்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். 25 வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய், சும்மா இருக்காது.

இந்த மாதம் இரவு ஒன்பது மணிக்கு நம் தலைக்கு மேலே நிற்பது வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டம். அதற்கு மேற்கே சின்னதாக, கொத்தாக, புகை மாதிரித் தெரிவது கார்த்திகை. அறுமீன் என்றும் சொல்வார்கள். அந்தக் கொத்து நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டுத் தூரம். ஒளி ஒரு விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்த வேகத்தில் 440 வருடம். அம்மா அன்றைக்குப் பார்த்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது போர்த்துக்கேயர் இலங்கையின் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது அது பாதி வழியைத் தாண்டியிருந்தது. நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் பிறந்து, கொழுந்தெடுத்து, செத்துப்போன காலம் முழுவதும் அது வந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் பக்கத்து வீடு. நம்முடைய பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத நட்சத்திரங்கள். பால்வீதி மாதிரி இன்னும் எத்தனையோ கோடி. 1990 பெப்ரவரி 14 அன்று வொயேஜர் 1 என்ற விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று திரும்பி ஒரு படம் எடுத்தது. அதில் பூமி ஒரு புள்ளி. புள்ளி என்று சொன்னாலும் கூடுதல்தான். அதில் மஸ்கெலியாவைத் தேட வேண்டாம்.

ஆகவே அம்மாவின் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. இன்னொன்று, அம்மாவுக்கு என்ன வயது?

---

கொழுந்துக்கூடை எழுதியது:

தம்பி, படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை.

சேர் புள்ளி என்றதும் எனக்கு எங்கள் காம்பரா ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் எங்களுக்கு ஒற்றைக் காம்பராதான், ஒரே அறை. கூரைத் தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகள். காலையில் அடுப்பு எரியும்போது அந்த ஓட்டை வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்கும். கம்பிக்குள்ளே தூசி மிதக்கும், மேலே போகும், கீழே வரும். கம்பிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நானும் தம்பியும் அதைக் கையால் பிடிக்கப் பார்ப்போம். பிடித்துத் திறந்தால் கை காலி.

எங்கள் அப்பா மார்கழி முழுக்கத் தோட்டத்துக் கோயிலில் திருவாசகம் படிப்பவர். ஒரு நாள் நாங்கள் அப்படி விளையாடும்போது பாயில் உட்கார்ந்தபடியே பாடினார். அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம் என்று தொடங்குகிற திருவண்டப்பகுதி. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்து கிடக்கின்றன, ஆனால் அவன் முன்னால் அவை எல்லாம் எப்படி என்றால், 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய'. வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கிற தூசி மாதிரி. அப்பா அந்த வெயில் கம்பியைக் காட்டி "இதத்தான்டி சொல்றாரு" என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்தி பாடிய மாணிக்கவாசகர் எங்கள் காம்பராவுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அண்டத்தைத் தூசி என்று சொன்ன அதே வாய்தான் சிவபுராணத்தில் தன்னை நாயிலும் கடையாகக் கிடந்தவன் என்று சொல்லி, அவனைத் 'தாயிற் சிறந்த தயாவான தத்துவனே' என்கிறது. அவருக்கு இது இரண்டும் முட்டவில்லை. நமக்கு ஏன் முட்டுகிறது என்றுதான் நான் யோசிக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

---

ஹப்புத்தளைக் காற்று எழுதியது:

அக்கா எழுதியது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் எனக்குப் பயம்.

தூசி என்றால் மீரியபெத்தையிலும் தூசிதான். 2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லந்தைக்கு மேலே மலை இறங்கி லயங்களை அப்படியே மூடியது. நான் மூன்றாம் நாள் போனேன். எங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்த லயம். போய்ப் பார்த்தால் எது லயம், எது கோயில், எது பாதை என்று கைகாட்டக் கூட ஒன்றும் இல்லை. சேறு. ஒரு ஓரத்தில் பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர், மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் உள்ளே என்று கேட்டால் காலையில் ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கணக்கு. பேர்ப் பட்டியல் சரியாக இருந்தால்தானே?

பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். "ஆண்டவன் காப்பாத்திட்டான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு பொம்பிளைப் பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், "அப்ப எங்கம்மாவ?" என்று கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை ஒருவர் பேரும் யாருக்கும் தெரியாது என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களை எண்ணிக்கையாகப் பார்ப்பது புதுசா? 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் எங்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள், பலாக்காய் பிளக்கிற மாதிரி. மேலே இருப்பவனும் அப்படித்தான் பார்க்கிறான் என்று அம்மாவுக்குத் தோன்றினால் அது அவர் பிழை இல்லை.

---

நல்லதே நடக்கும் எழுதியது:

எல்லாம் அவன் செயல். அம்மா சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள் 🙏🙏

---

மட்டுறுத்துநர்:

மதப் பிரசாரம் என்று இரண்டு புகார், நாத்திகப் பிரசாரம் என்று ஒரு புகார் வந்திருக்கிறது. மூன்றையும் படித்தேன், இழை திறந்தே இருக்கும். யாராவது யாரையாவது மதம் மாற்றப் பார்த்தால் பூட்டிவிடுவேன்.

---

பதுளை உபதேசியார் எழுதியது:

மட்டுறுத்துநர் ஐயா, நான் யாரையும் மாற்ற வரவில்லை. ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தேன்.

எட்டாம் சங்கீதத்தில் தாவீது இரவு வானத்தைப் பார்க்கிறார். சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு, மனுஷனை நீர் விசாரிக்கிறதற்கு அவன் எம்மாத்திரம் என்று கேட்கிறார். உங்கள் அம்மா கேட்ட அதே கேள்வி. சொல்லைப் பாருங்கள், 'விசாரிக்கிறது'. தோட்டத்தில் விசாரணை என்றால் என்ன? ஒப்பீசுக்குக் கூப்பிடுவார்கள், வேலை நிற்பாட்டுவார்கள், கடிதம் வரும். அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் நாம் போய் "சும்மா விசாரிச்சிட்டுப் போக வந்தேன்" என்று சொல்கிறோமே, அதுவும் விசாரிப்புத்தான். வேதத்தில் இருப்பது இந்த இரண்டாவது.

147ஆம் சங்கீதத்தில் இன்னும் வேடிக்கை. ஒரு வசனத்தில் நொறுங்கிப்போன மனசுக்காரரின் காயத்தைக் கட்டுகிறார். அடுத்த வசனத்தில் நட்சத்திரங்களை எண்ணி ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அழைக்கிறார். நடுவில் ஒரு மூச்சு விட்டுக்கூட இல்லை. கட்டுத்துணி பிடித்த அதே கை.

குருவிக் கணக்கும் உண்டு. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது சும்மா போட்டுக் கொடுத்தது, கருவேப்பிலை மாதிரி. அவற்றில் ஒன்றும் மறக்கப்படுவதில்லை என்று இயேசு சொல்கிறார். அந்தக் கொசுறுக் குருவியைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஹப்புத்தளைத் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. மீரியபெத்தைக்கு நானும் போனேன், ஜெபம் பண்ணச் சொன்னார்கள், வாய் வரவில்லை. யோபு என்று ஒருவர், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர், இதே மாதிரிக் கேட்டார். அவருக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. கடவுள் வந்து நட்சத்திரத்தைக் காட்டினார். அறுமீனின் சங்கிலியை நீ இணைப்பாயா, மிருகசீரிடத்தின் கட்டை நீ அவிழ்ப்பாயா என்று கேட்டார்.

---

ஹப்புத்தளைக் காற்று எழுதியது:

ஐயா, நீங்கள் நேர்மையாக எழுதியதற்கு மரியாதை. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது பதிலா? பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வந்து 'நான் யார் தெரியுமா, என் தோட்டம் எத்தனை ஏக்கர் தெரியுமா' என்று கேட்கிற பேச்சு. அதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பங்களா வாசலில் நின்று தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறோம். சுத்தமான தொரைப் பேச்சு, தோட்டத்து மேனேஜர் பேச்சு.

---

பதுளை உபதேசியார் எழுதியது:

தம்பி, நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்தேன். மேற்கொண்டு வாசியுங்கள். நட்சத்திரம் முடிந்ததும் பேச்சு எங்கே போகிறது தெரியுமா? காக்கைக் குஞ்சு பசிக்குக் கத்தும்போது அதற்கு இரை கொடுப்பது யார். வரையாடு எந்த மாதம் குட்டி போடும், அது எப்படி முடங்கிக் குனிந்து ஈனும், உனக்குத் தெரியுமா. இது தொரை கேட்கிற கேள்வியா? எந்தத் தொரைக்கு எந்த ஆடு எப்போது ஈனும் என்று தெரியும்?

---

கொழுந்துக்கூடை எழுதியது:

ஐயா, பிடிபட்டுவிட்டது!

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். இருபத்தியேழு பிள்ளைகள். காலையில் தாய்மார் மலைக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிட்டு ஓடுவார்கள். எது எந்தப் பிள்ளையின் துணி என்று நான் முகர்ந்து பார்த்தே சொல்வேன். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குச் சிணுங்கும், எதற்கு ரொட்டியைச் சீனித் தேத்தண்ணியில் தோய்த்தால்தான் இறங்கும், எது தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், எல்லாம் தெரியும். வரையாடு எப்போது ஈனும் என்பது ஆயாப் பேச்சு, ஐயா. தொரைப் பேச்சே இல்லை.

ஒரு தடவை ஒரு பெரிய ஆள் பார்க்க வந்தார். வாசலில் நின்று "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். இருபத்தியேழு என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். மேலே போகப் போக பேர் எண்ணாகிவிடும் என்பதை நாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். கங்காணிக்கு முகம் தெரியும், கணக்கப்பிள்ளைக்கு நம்பர் தெரியும், தொரைக்கு மொத்தக் கிலோ தெரியும், அதற்கும் மேலே கொழும்பில் இருக்கிறவருக்கு ஏக்கர் தெரியும். கடவுளை அந்த ஏணியில் இன்னும் மேலே, எல்லாருக்கும் மேலே, உச்சியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டோம். அப்புறம் அவருக்கு நம் பேர் எப்படித் தெரியும்?

பெரியவன் என்றால் பேர் தெரியாதவன் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது தோட்டம். வானம் அப்படி எதையும் சொல்லவில்லை. எனக்கு இருபத்தியேழு வரைக்கும் முடிகிறது. இருபத்தியெட்டாவது வந்தால் கொஞ்சம் தடுமாறுவேன். அது என் கை சின்னதாக இருப்பதால்.

தம்பி ஹப்புத்தளை, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

---

அக்குறணை நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மூன்று நாளாக வாசிக்கிறேன், கடையில் ஆள் வந்தால் போனைக் கீழே வைக்க மனமில்லை.

கூடைத் தங்கச்சி சொன்னதோடு ஒன்று. குர்ஆனில் ஆறாவது அத்தியாயத்தில், தரையிலும் கடலிலும் உள்ளதை எல்லாம் அவன் அறிவான் என்று சொன்னதோடு நிற்காமல், அவன் அறியாமல் ஓர் இலைகூட உதிர்வதில்லை என்று வரும். இலை! நான் முப்பது வருடம் தேயிலைத் தூள் விற்றவன். ஒரு மூட்டையில் எத்தனை இலை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த இழையைப் படித்த பிறகு நேற்று ஒரு கிலோப் பெட்டியைக் கட்டும்போது கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

அவன் மனுசனுக்குப் பிடரி நரம்பை விடப் பக்கத்தில் இருக்கிறான் என்றும் உண்டு. தூரம் நம் பக்கக் கணக்கு போலிருக்கிறது. மஸ்கெலியாத் தம்பி, நாங்கள் அந்த மலையைப் பாவாதமலை என்போம். அடுத்த தடவை அம்மா அந்த லைட்டைப் பார்க்கும்போது நானாவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை, கவ்வாத்து மலையில், தேயிலைச் செடி வெட்டுகிற இடத்தில், வேலை, அதோடு இங்கே சிக்னல் பீலியடியில் மட்டும்தான் வரும்.

சேர் கேட்டீர்களே, அடையாள அட்டைப்படி அம்மாவுக்கு 65. உண்மை ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பிறந்த தேதி கணக்கப்பிள்ளை போட்டுக் கொடுத்தது. ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, மழைக் காலம் என்று மட்டும் சொல்லுமாம். அதனால் நட்சத்திரம் தெரியாது. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது எங்கள் எல்லாருக்கும் பேர், நட்சத்திரம் சொல்லிவிட்டுத் தனக்கு என்று வரும்போது "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்பார். சின்னப் பிள்ளையில் அது பக்தி என்று நினைத்திருந்தேன்.

கொழுந்துக்கூடை அக்கா எழுதிய ஏணியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கங்காணிக்கு முகம் தெரியும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "எங்க கங்காணிக்கு அதுவும் தெரியாது" என்றார். சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும்.

---

பண்டாரவளை சேர் எழுதியது:

65 என்றதும் எனக்கு ஒன்று பொறி தட்டியது, தம்பி.

கார்த்திகைக் கொத்துக்கும் வேட்டைக்காரனுக்கும் நடுவில் செம்மஞ்சளாக, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று இருக்கும். இந்த நாட்களில் ஒன்பது மணிக்கு உச்சிக்குச் சற்று மேற்கே. அதுதான் ரோகிணி. நம் சூரியனைவிட எத்தனையோ மடங்கு பெரிய, கிழடு தட்டிய நட்சத்திரம். அதன் தூரம் சுமார் 65 ஒளியாண்டு.

சூரிய ஒளி நம்மிடம் வர எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ரோகிணியிலிருந்து 65 வருடம். அதாவது உங்கள் அம்மா லயத்துக் காம்பராவில் பிறந்து முதல் அழுகை அழுத காலத்தில் கிளம்பிய வெளிச்சம் இந்த மாதம்தான் இஸ்தோப்பில் வந்து இறங்குகிறது. ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கலாம், அம்மாவின் வயதும் அப்படித்தானே! அவர் காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியபோதும், அரைப் பேர் வாங்கியபோதும், உங்களைப் பெற்றபோதும் அது வழியில் இருந்திருக்கிறது.

இதை வைத்து அக்கறை இருக்கிறது என்று நான் நிரூபிக்கவில்லை. வானியலில் அதற்குச் சமன்பாடு இல்லை. இல்லை என்று நிரூபிக்கவும் சமன்பாடு இல்லை. அம்மாவைக் கூட்டிவந்து அந்தச் சிவப்பைக் காட்டுங்கள், போதும். இன்னொன்று, அம்மாவின் இரத்தத்தில் ஓடுகிற இரும்பு பழைய நட்சத்திரங்களுக்குள் வெந்து வந்தது. இருதய டொக்டரிடம் இதைச் சொல்ல வேண்டாம், நேரம் கொடுக்க மாட்டார்.

---

ஹப்புத்தளைக் காற்று எழுதியது:

சேர், நீங்களும் கவிதை பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். சரி, இருக்கட்டும்.

நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அக்கா சொன்ன ஏணி உண்மை, நாம் கடவுளைத் தொரை ஆக்கிவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஏணியை எடுத்துவிட்டாலும் அந்தப் பிள்ளை அங்கேயே நிற்கிறது. அதை யாரும் மறைக்காமல் விட்டதற்காகத்தான் இந்த இழையில் இன்னும் இருக்கிறேன்.

மஸ்கெலியாத் தம்பிக்கு ஒரு காரியம். பேர் வித்தியாசத்தை இப்படியே விடாதே. நாளைக்கு சேமலாப நிதிக்கு இழுபடுவாய். எல்லாப் பேரும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த சமாதான நீதவான் ஒருவர் ஹட்டனில் இருக்கிறார், காசு வாங்க மாட்டார். நான் இதுவரை நாற்பது, ஐம்பது பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லா ஆவணத்தையும் போட்டோ எடுத்துத் தனிமடலில் அனுப்பு. அதோடு அம்மா தன் வாயால் தன் பேரை எப்படிச் சொல்வாரோ அதையும் அப்படியே எழுதி அனுப்பு. முதலில் போடப்போவது அந்தப் பேரைத்தான்.

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

அனுப்பிவிட்டேன் அண்ணே. அம்மாவிடம் பேரைச் சொல்லச் சொன்னேன். "என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

உபதேசியார் ஐயாவும் நானாவும் தனிமடலில் பேர் கேட்டிருந்தீர்கள், உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கும்.

---

அக்குறணை நானா எழுதியது:

கிடைத்தது. ஜும்ஆவுக்குப் பிறகு துஆவில் கேட்டாச்சு.

---

பதுளை உபதேசியார் எழுதியது:

ஞாயிறு ஆராதனையில் சொன்னோம், பேரை உரக்கச் சொன்னோம். முன் வரிசையில் இருந்த ஒரு கிழவி "அது யாரு, நம்ம தோட்டமா?" என்று கேட்டார். மஸ்கெலியாப் பக்கம் என்றேன். "அப்ப நம்மாளுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

தம்பி, நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மா பேருக்கு ஒரு அர்ச்சனை. ஐயர் பேரை வாங்கிக்கொண்டு "நட்சத்திரம்?" என்றார். தெரியாது, சாமி பேருக்கே பண்ணுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ரோகிணி என்று சொல்லிவிட்டேன்.

தப்பா என்று தெரியவில்லை. ஐயரும் கணீரென்று சொல்லிவிட்டார்.

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

அக்கா, அம்மாவிடம் சொன்னேன். முதலில் "பொய் சொல்லிட்டாளே கோயில்ல" என்றார். அப்புறம் வெளியே வந்து, அது எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பனி இறங்குகிறது, உள்ளே வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், வரவில்லை.

மூன்றாம் தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நானாகத்தான் இருப்பேன். "என்னடா?" என்று திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக். ஐந்து மணி பஸ். இந்தத் தடவை போட்டோக் கொப்பி எல்லாம் முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன்.